தலைகளை எண்ணும் வகுப்பு

வகுப்புக்குள் நுழைந்ததும் ஆசிரியை லுவான் யாச்சின் மேடைக்குப் போவதில்லை. நேரே கடைசி வரிசைக்குத்தான் நடப்பார். முன்வரிசைகள் எப்போதும் காலி. அரசியல் பாடத்துக்கு முன்னால் வந்து உட்கார யாருக்கு மனசு வரும்? பின்னால் அடைந்து கிடக்கும் நூற்றுச்சொச்சம் பேரும் மேஜைக்கு அடியில் கைபேசியை நோண்டிக்கொண்டிருப்பார்கள். "தலையைத் தூக்குங்கப்பா, உங்க மூஞ்சியே மறந்துபோச்சு" என்று முதுகைத் தட்டிக்கொண்டே வருவார்.

சீனாவின் ஷென்யாங் நகரத்தில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் மார்க்சியம் எல்லோருக்கும் கட்டாயம். இயந்திரவியல் படிப்பவனும் படிக்க வேண்டும், கணக்கியல் படிப்பவளும் படிக்க வேண்டும். லுவானுக்கு நாற்பது வயது. மதியம் ஆசிரியர் உணவகத்தை விட்டுவிட்டு, மாணவர் உணவகத்தில் கார நூடுல்ஸ் வரிசையில் நிற்பார். பிள்ளைகள் யாரைத் திட்டுகிறார்கள், எதற்கு ஏங்குகிறார்கள் என்பது அங்கேதான் காதில் விழும் என்பார். வேலை கிடைக்காத அண்ணன், பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டைக் கட்டி முடிக்காமல் ஓடிப்போன கம்பெனி, எல்லாம் அந்த வரிசையிலேயே தெரிந்துவிடும். ஆனால் கேட்டதில் பாதியைக்கூட வகுப்பில் பேசமாட்டார். பயம்தான், வேறென்ன.

இந்த வருடம் பயத்துக்குக் காரணமும் இருந்தது. ஒப்பந்தம் முடிகிறது; பதவி உயர்வு வரவில்லையென்றால் வெளியே போக வேண்டியதுதான். வேலை போனால், பல்கலைக்கழகப் பள்ளியில் படிக்கும் மகளின் இடமும் போகும். எல்லாம் மேற்பார்வைக் குழு வந்து உட்காரும் அந்த ஒரு வகுப்பில் இருந்தது. எத்தனை தலை நிமிர்ந்திருக்கிறது என்று எண்ணி மதிப்பெண் போடுவது அவர்கள் வழக்கம்.

எல்லா ஆசிரியர்களையும் போல லுவானும் ஒத்திகை பார்த்தார். கேள்விகளை முன்கூட்டியே சிலருக்குக் கொடுத்து, பதிலையும் சொல்லிக்கொடுத்தார். அந்த நாளும் வந்தது. குழுவின் சார்பில், ஓய்வுபெற்ற பேராசிரியர் மௌ கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். பாடம் தடங்கலில்லாமல் ஓடியது.

அப்போதுதான் லுவான் அதைக் கவனித்தார். பருவம் முழுக்கத் தலை தூக்காத பேங் தியேலின் நிமிர்ந்து உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சந்தோஷத்தில் ஒத்திகை மறந்துபோனது. கடைசிக் கேள்வியை அவனிடமே கேட்டுவிட்டார்: தொழிலாளி என்பவர் யார்?

அவன் எழுந்தான். "புஸ்தகத்துல இருக்கிறது எனக்குத் தெரியும் மேடம். எங்கப்பா ஸ்கூட்டர்ல சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவரு. போன வாரம் லாரி இடிச்சு இடுப்பு உடைஞ்சுபோச்சு. கம்பெனில கேட்டா, 'அவர் எங்க தொழிலாளியே இல்லை'ங்கிறாங்க. அப்போ அவரு யாரு மேடம்?"

நிமிராமல் இருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. வகுப்புத் தலைவி சூ நிங் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "டேய், உக்காருடா. மேடத்துக்கு வேலையே போயிடும்."

பேராசிரியர் மௌ எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே ஒரு வாக்கியம் உண்டு. நல்ல கேள்வி, வகுப்பு முடிந்ததும் பேசுவோம். லுவான் அதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். ஒருவன்கூடத் திரும்பி வந்து பேசியதில்லை. அது இப்போதும் நாக்கு நுனியில் நின்றது. மகளின் பள்ளிச் சீருடை கண்முன் வந்து போனது. தியேலின் காத்திருந்து பார்த்தான். பிறகு அவன் தலை மெல்லக் கவிழத் தொடங்கியது.

லுவான் மேடையிலிருந்து இறங்கி அவனருகே போனார். தன் சட்டைக் காலரில் மாட்டியிருந்த மைக்கைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார்.

"பின்னாடி வரைக்கும் கேக்கணும். முதல்லேர்ந்து சொல்லு."