மூன்றாவது மடை

இசைவாணி திருவையாற்றுக் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். புருஷன் செத்து ஆறு வருஷம். எங்கள் ஊர் வாய்க்காலின் கடைசியில் அவளுக்கு மூன்று மா நிலம் உண்டு. செல்லத்துரை வயலைத் தாண்டித்தான் அதற்குத் தண்ணீர் போக வேண்டும்.

புருஷனின் தாத்தா அந்தக் காலத்துத் தலையாரி. அவருடைய டைரியையும், பினாங்கிலிருந்து அவர் அண்ணன் போட்ட கடிதங்களையும் வைத்து அவள் ஒரு நாவல் எழுதினாள். நான் வாய்க்காலில் தண்ணீர் திருப்புகிறவன் என்பதால், தப்பிருந்தால் சொல்லுங்கள் என்று என்னிடம் கொடுத்தாள். ஆறாவதோடு நின்றவன் நான். எழுத்துக்கூட்டிப் படிக்க நாலு நாள் ஆனது.

டைரியில் இருந்ததை அப்படியே ஒரு இடத்தில் சேர்த்திருந்தாள்: ‘ஆடி 12. மூன்றாவது மடையில் சண்டை. ஒருவனைச் சேற்றில் அழுத்திப் பிடித்தார்கள். பார்த்துக்கொண்டு நின்றேன்.’ கூடவே அண்ணனின் பதில்: ‘பார்த்ததை மறந்துவிடு. நீ பிள்ளைகுட்டிக்காரன்.’

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

“ஏம்மா, ஆளு பேரையெல்லாம் மாத்திட்ட. மடைய மாத்துனியா?”

“மடையில என்னண்ணே இருக்கு?”

“மூணாவது மடை, பக்கத்துல இலுப்ப மரம். செல்லத்துரை வயலுன்னு நம்மூர்ல சின்னப் புள்ளகூட சொல்லும். அழுத்திக் கொன்னது அவன் தாத்தாதான்னு தெரிஞ்சிடாதா?”

“நாளைக்கு அச்சு ஓட்டப்போறாங்கண்ணே.”

“போன் போட்டு நிறுத்து.”

அவள் போனை எடுக்கவும் செல்லத்துரை உள்ளே வரவும் சரியாக இருந்தது.

“ஆதார் ரெண்டு காப்பி தங்கச்சி. என்ன பக்கிரிண்ணே, மம்பட்டிய வித்துட்டுப் படிக்கக் கெளம்பிட்டியா?”

சிரித்துக்கொண்டே என் கையிலிருந்த தாளை வாங்கினான். விரல் வரிவரியாக இறங்கியது. ஓரிடத்தில் நின்றது. சிரிப்பும் நின்றது.

“இத யாரு சொன்னா?”

நான் பேச வாயெடுத்தேன். இசைவாணி முந்திக்கொண்டாள். “தலையாரி பாத்தாருங்க. நான் எழுதுனேன்.”

அவன் தாளை மேசைமேல் வைத்தான். ஆதாரைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

“இப்பவாவது மாத்து. உனக்குத் தண்ணி அவன் வழியாத்தான் வரணும்.”

போனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கவிழ்த்து வைத்தாள். “செத்தவரு பேரு எனக்கே தெரியாதுண்ணே. டைரியில எழுதல. எடத்தையும் எடுத்துட்டா அவருக்கு என்ன மிச்சம்?”

நாளை விடிந்தால் அவளுடைய முறைத் தண்ணீர். மூன்றாவது மடையைக் கடந்து அவள் போக வேண்டும். நானும் வருகிறேன் என்றேன்.