முதுகில் திறக்கும் மழைக்கோட்டு

நார்வேயின் மேற்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊரில் தோர்டிஸ் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். துறைமுகம், மீன் ஆலை, பள்ளிக்கூடம், தேவாலயம், கடைசியில் மேட்டின் மேல் இருக்கும் முதியோர் இல்லம். பிறகு அதே வழியில் திரும்பி வருவாள். மழை பெய்யாத நாளில்தான் பயணிகள் வானத்தைப் பற்றிப் பேசுவார்கள். அவள் புருஷன் எய்லெர்ட், கார்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் படகில் வேலை பார்த்தான். வாழ்க்கையில் பாதியை நனைந்த தளத்தில் நின்று, கையசைத்துக் கார்களை உள்ளே வரவழைப்பதிலேயே கழித்தவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"நான் போறேன், தோர்டிஸ். யோருன் வீட்டுக்கு."

அவளுக்கு யோருனைத் தெரியும். துறைமுகத்தில் படகுப் பாய்களும் கூடாரத் துணிகளும் தைத்துக் கொடுப்பவள்.

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

"மீன் ஆறுது. சாப்பிடு" என்றாள் தோர்டிஸ். அதற்கு மேல் அன்றைக்கு இருவரும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. புதன்கிழமை காலை எய்லெர்ட் படகின் தளத்திலேயே சாய்ந்து விழுந்தான். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போனது.

உயிர் தங்கியது. வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. "ஆமா" என்ற ஒரு சொல் மட்டும் நாக்கில் எஞ்சியது. பசித்தாலும் ஆமா, வலித்தாலும் ஆமா, வேண்டாம் என்றாலும் ஆமா. சில மாதங்கள் கழித்து அவனைச் சக்கர நாற்காலியில் வைத்து முதியோர் இல்லத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவன் போவதாகச் சொன்ன விஷயம் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த மூன்று பேரில் ஒருவனால் சொல்ல முடியாது.

ஊரார் கேக்கும் பூக்களும் கொண்டுவந்தார்கள். "உன்னை மாதிரி ஒரு பொண்டாட்டி கிடைக்க அவர் கொடுத்து வச்சிருக்கணும்" என்றார்கள். தோர்டிஸ் தலையாட்டினாள். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டால் எப்படி இருக்குமோ, அவளுக்கு எல்லாமே அப்படி இருந்தது. இருக்கிறது என்று தெரிகிறது. தன்னுடையது என்று தோன்றவில்லை. அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பஸ்ஸை மட்டும் ஒரு பிழையுமில்லாமல் ஓட்டினாள்.

இல்லத்தில் கெத்தில் என்ற வாலிபன் எய்லெர்ட்டைக் கவனித்துக்கொண்டான். ஒருநாள் அவன் தோர்டிஸை வராந்தாவில் நிறுத்தினான்.

"மழை வந்தா உங்க வீட்டுக்காரர் ஜன்னலைத் தட்டியே உடைச்சிடுவார் போல இருக்கு. வெளியே போகணுமாம்."

"கூட்டிட்டுப் போங்களேன்."

"போனோமே! தலைவழியா மாட்டற பிளாஸ்டிக் அங்கியைப் போட்டுவிட்டோம். காத்து அதைத் தூக்கி மூஞ்சியிலயே சுத்திடுச்சு. மூச்சு முட்டிப் பயந்துபோயிட்டார். கடைக் கோட்டுன்னா வலது கை நுழைய மாட்டேங்குது. அவரை எழுப்பி நிக்க வச்சு மாட்ட ரெண்டு ஆள் வேணும்."

"நான் தைச்சுத் தர்றேன்" என்றாள் தோர்டிஸ். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மகள் சின்னவளாக இருந்தபோது கவுன் தைத்திருக்கிறாள். பிறகு ஜன்னல் திரைகள். அவ்வளவுதான்.

எப்படிப்பட்ட கோட்டு வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாக இருந்தது. முன்னாலிருந்து கைகளை நுழைக்க வேண்டும். முதுகுப் பக்கம் திறந்திருந்து, இரண்டு மடிப்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நாற்காலிக்கும் அவனுக்கும் நடுவே இறங்க வேண்டும். முன்பக்கம் முழங்காலைத் தாண்ட வேண்டும். கடையில் மேசைவிரிப்புக்கு விற்கும் மெழுகுத் துணியை வாங்கி வந்து தைத்தாள். துணி மிஷினின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. இழுத்துப் பிடித்து நெருக்கமாகத் தையல் போட்டாள். எய்லெர்ட்டுக்கு மாட்டி, தோளை இழுத்துவிட்டபோது, தபால்தலைத் தாள் கிழிவதைப் போலத் தையல் வழியே நேராகக் கிழிந்தது.

"ஆமா" என்றான் எய்லெர்ட்.

அடுத்த வாரம் யோருன் பஸ்ஸில் ஏறினாள். துறைமுகத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை இறங்கவில்லை. எல்லோரும் இறங்கிய பிறகு ஓட்டுநர் இருக்கையின் அருகே வந்து நின்றாள். தலைமுடி நரைத்த, பெரிய கைகள் கொண்ட பெண்.

"கோட்டு கிழிஞ்சுபோச்சுன்னு கெத்தில் சொன்னான். அவன் படகுக்குப் பாய் நான்தான் தைக்கிறேன்."

தோர்டிஸ் பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட நல்ல துணி இருக்கு. மூணு அடுக்கு. தண்ணி உள்ளே போகாது, வேர்வை வெளியே போயிடும். ஆனா லேசுல மசியாது. ஊசி ஒரு தடவை இறங்கினா அந்த ஓட்டை மூடாது. பிரிச்சுத் தைக்க முடியாது."

"துணியைக் கொடுங்க. நான் தைச்சுக்கறேன்."

"உங்களால முடியாது. கோவிச்சுக்காதீங்க. என்னாலயும் தனியா முடியாது. அவரை அளவெடுக்க என்னை உள்ளே விட மாட்டாங்க. நான் யாருன்னு சொல்லிப் போறது?"

தோர்டிஸ் கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசித்தாள் என்பதைவிட, ஏதாவது எண்ணம் வருமா என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. "சனிக்கிழமை வாங்க. மிஷினை சமையலறையில போட்டு வைக்கிறேன்" என்றாள்.

யோருன் சாம்பல் நிறத் துணிச் சுருளோடு வந்தாள். நடைவழியில், வெள்ளிக்கிழமை போவதற்காக எய்லெர்ட் கட்டி வைத்த இரண்டு பைகள் அப்படியே நின்றன. அவள் அவற்றைப் பார்த்தாள். சுற்றிக்கொண்டு நடந்து உள்ளே வந்தாள்.

குண்டூசி குத்தக்கூடாது என்பதால் துணி காயப்போடும் கிளிப்புகளால் ஓரங்களைக் கவ்வினார்கள். மிஷினின் பாதம் ஒட்டாமலிருக்க, ரொட்டி சுடும் தாளைக் கீற்றாக வெட்டித் துணியின் மேல் வைத்துத் தைத்து, பிறகு தாளைக் கிழித்தெடுத்தார்கள். மெல்லிய ஊசி, நீளமான தையல். மேல்துணி வழுக்கிக்கொண்டு முன்னால் ஓடும். அதை யோருன் பிடித்துக்கொள்ள, தோர்டிஸ் மிஷினை ஓட்டினாள்.

"மெதுவா. வளைவுல பிரேக் போடற மாதிரி" என்றாள் யோருன்.

"எனக்கு பஸ் ஓட்டக் கத்துத் தர்றீங்களா?"

தோளை வெட்டும்போது தோர்டிஸ் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி சுண்ணாம்புக் கட்டியால் வரைந்தாள்.

"இடது தோள் கொஞ்சம் இறங்கி இருக்குமே" என்றாள் யோருன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. முகம் சிவந்து, கையிலிருந்த கிளிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

இப்போது வலிக்கும் என்று தோர்டிஸ் எதிர்பார்த்தாள். கத்தரிக்கோலைப் பிடித்தபடி காத்திருந்தாள். வெளியே கூரைக் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வலி வரவில்லை. உண்மைதான், இடது தோள் இறங்கித்தான் இருக்கும். இத்தனை வருஷம் அவன் சட்டைகளை மடித்து வைத்தவளுக்கு அது மறந்துபோயிருந்தது. சுண்ணாம்புக் குறியை அழித்து, இடப்பக்கம் தாழ்த்தி வரைந்து வெட்டினாள்.

காபி குடிக்கும்போது அவள் கேட்டாள்: "என்னைப் பத்தி உங்ககிட்ட என்ன சொன்னார்?"

யோருன் கோப்பையைக் கீழே வைத்தாள். "நல்லா பஸ் ஓட்டுவீங்கன்னு சொன்னார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அவர் அதிகம் பேசற ஆளா என்ன?"

தோர்டிஸின் மூக்கிலிருந்து ஒரு காற்று வந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

கோட்டோடு சேர்ந்து தலையை மூடும் குல்லாயைத் தைக்கும்போது தோர்டிஸின் கை நழுவித் தையல் கோணிப்போனது. பிரித்து மறுபடி தைத்தார்கள், பழைய துளைகள் வரிசையாக நின்றன. யோருன் எல்லாத் தையல்களின் உள்பக்கமும் ஒட்டு நாடாவை வைத்து, மேலே துணி போட்டு, மிதமான சூட்டில் தேய்த்தாள். துளைகளின் மேல் மட்டும் இரண்டு தடவை ஒட்டினாள். பிறகு தோர்டிஸ் தையலைக் குழியாகப் பிடித்துக்கொள்ள, குவளையிலிருந்து தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். தோளில் ஒழுகவில்லை, குல்லாயிலும் ஒழுகவில்லை. அக்குளில் ஒரு சொட்டு எட்டிப்பார்த்தது. துடைத்துக் காயவைத்து அங்கேயும் ஒட்டினார்கள்.

மறுநாள் கெத்திலும் தோர்டிஸும் எய்லெர்ட்டுக்கு அதை மாட்டினார்கள். அவனை எழுப்பவே வேண்டியிருக்கவில்லை. செத்த கையைக் கோட்டின் அகலமான கைக்குள் விட்டு, முதுகு மடிப்புகளைச் செருகி, குல்லாயை இழுத்துக் கட்டினாள் தோர்டிஸ். மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. மேட்டிலிருந்து படகுத்துறைவரை தள்ளிக்கொண்டு போனாள். அக்கரையிலிருந்து படகு வந்து முகப்பைத் திறந்தது. எய்லெர்ட் இடது கையைத் தூக்கி, முதல் காரை வா வா என்று அழைத்தான். காருக்குள் இருந்தவன் குழம்பிப்போய் மெதுவாக வந்தான். அடுத்த காரையும் அழைத்தான், அதற்கடுத்ததையும்.

"ஆமா! ஆமா!"

அவன் முகத்தில் மழை வழிந்தது. தோர்டிஸ் கோட்டுக்குள் கைவிட்டுப் பார்த்தாள். நெஞ்சு, தோள், முதுகு, எல்லாம் உலர்ந்து வெதுவெதுப்பாக இருந்தன. நன்றாகத் தைத்திருக்கிறோம் என்று நினைத்தாள். வேறொன்றும் தோன்றவில்லை.

திரும்பிவந்து ஈரம் துடைத்த பிறகு கெத்திலிடம் சொன்னாள்: "வியாழக்கிழமை யோருன் வருவாங்க. அவரைக் கூட்டிட்டுப் போகட்டும். யாராவது கேட்டா, நான் சொன்னேன்னு சொல்லு."

அன்று சாயங்காலம் யோருனுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னாள்.

"ஏன் இப்படிச் செய்யறீங்க?"

"வியாழக்கிழமை எனக்கு மதிய வேலை."

இரண்டு குளிர்காலம் இப்படிப் போயிற்று. கோட்டைப் பார்த்து, இல்லத்தில் இன்னொரு கிழவி தனக்கும் வேண்டும் என்றாள். தோர்டிஸ் முடியாது என்றுவிட்டாள். யோருன் தனியாகவே தைத்துக் கொடுத்தாள். அவர்கள் இருவரும் சிநேகிதிகள் ஆகவில்லை. பஸ்ஸில் ஏறும்போது யோருன் தலையசைப்பாள், தோர்டிஸும் அசைப்பாள்.

மூன்றாவது குளிர்காலத்தில் நுரையீரலில் சளி கட்டி எய்லெர்ட் இறந்தான். சவ அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், த்ரோன்ஹெய்மிலிருந்து வந்திருந்த மகள் சுன்னிவா காலணியைக் கழற்றியபடியே கேட்டாள்.

"அம்மா, கடைசி பெஞ்சுல ஒரு அம்மா அப்படி அழுதாங்களே, யாரு அவங்க?"

"யோருன். உங்கப்பா அவங்களோட போக இருந்தார். அதுக்குள்ள விழுந்துட்டார்."

சுன்னிவா ஒற்றைக் காலணியோடு அப்படியே நின்றாள். "நீ ஏம்மா சொல்லவே இல்ல? நீ… உனக்கு அழுகைகூட வரலையே!"

"இன்னும் வரலை" என்றாள் தோர்டிஸ். "வரும்போது வரட்டும். கால் ஈரமா இருக்கு பார், காலுறையை மாத்து. நான் காபி வைக்கிறேன்."