இரவில் வெயில் அடித்த மூன்று வாரங்கள்

கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட விடுதியின் சலவை அறையில் வேலை பார்க்கிறேன். வில்பட்டியிலிருந்து காலை ஏழு மணி பஸ்ஸில் போய், சாயங்காலம் ஐந்தரைக்குள் திரும்பிவிடுவேன். படிப்பு பத்தாம் வகுப்பு. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் பேச வராது. யாராவது என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டாலே காது சூடாகிவிடும். அதனால், வேலை செய்கிறவர்களுக்கும் சனிக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டு நான் போனதை வீட்டில் யாரும் நம்பவில்லை.

போனதற்குக் காரணம் பிள்ளைகளின் சட்டைப் பைகள்தான். துவைக்கும் முன் பைக்குள் கையை விட்டுப் பார்ப்பது என் வேலை. அடிக்கடி மடித்த தாள்கள் வரும். ஆங்கில எழுத்துதான், ஆனால் கடிதமும் இல்லை, கணக்கும் இல்லை. சில வரிகள் ஓரத்தில் ஆரம்பிக்கும், சில வரிகள் கொஞ்சம் தள்ளி ஆரம்பிக்கும். எல்லாப் பிள்ளைகளின் தாளிலும் அப்படித்தான். ஏன் தள்ளி எழுதுகிறார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் குடைச்சல்.

அது பைத்தான், கம்ப்யூட்டருக்கு வேலை சொல்ல எழுதுகிற ஒரு மொழி என்று முதல் வகுப்பில் தெரிந்தது. டீச்சர் சின்ன வயசுப் பெண். தள்ளி எழுதிய வரி அதற்கு மேல் உள்ள வரிக்குக் கட்டுப்பட்டது என்றார். ‘மழை பெய்தால்’ என்று ஒரு வரி. அதன் கீழே நாலு இடம் தள்ளி, ‘துணியை உள்ளே எடு’. மழை பெய்யாவிட்டால் மெஷின் அந்தக் கீழ் வரியைத் தொடவே தொடாது. இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவு நேர்த்தியா என்றும் இருந்தது. அன்றைக்கு நான் எழுதிய முதல் வரிக்கு மெஷின் தமிழிலேயே பதில் காட்டியது. ‘வாங்க’ என்று காட்டச் சொல்லியிருந்தேன், காட்டியது. எனக்கு இங்கிலீஷ் வராது என்பதை அது ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

வகுப்பில் ஆறு பேர். சமையல் மாஸ்டர், எத்தனை பிள்ளைகள் சாப்பிட வருகிறார்கள் என்று கேட்டு எத்தனை முட்டை உடைக்க வேண்டும் என்று சொல்லும் ஒன்றைச் செய்தார். அது முதல் நாள் நூற்று ஏழரை முட்டை என்றது. வேன் டிரைவர், ஏறின பிள்ளைகளில் இன்னும் இறங்காதது யார் என்று சொல்லும் ஒன்றைச் செய்தார். வாட்ச்மேன் அண்ணன் செய்தது ஒளித்து வைத்த எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. தான் செய்த விளையாட்டிலேயே தினமும் தோற்றார். ஒவ்வொருத்தர் மனசில் என்ன ஓடுகிறது என்பது அவரவர் செய்கிற சாமானில் தெரிந்தது. எனக்கு அதை வேடிக்கை பார்ப்பதே போதும் என்றிருந்தது. ஆனால் டீச்சர், நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டார். வாயில் வந்தது, ‘உறைபனி’.

எங்கள் அண்ணனுடைய உருளைக்கிழங்குத் தோட்டம் பள்ளத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் மேகமில்லாத ராத்திரிகளில் குளிர் அங்கே போய்த் தேங்கும். விடியும்போது இலை மேல் வெள்ளையாகப் பனி பூத்திருக்கும். வெயில் படுவதற்குள் தண்ணீர் தெளித்துக் கரைத்துவிட்டால் செடி பிழைக்கும். வெயில் முந்திக்கொண்டால் மதியத்துக்குள் இலை கருகித் தொங்கும். தண்ணீர் ஓடையிலிருந்து நாலு தோட்டத்துக்கு முறை வைத்து வருகிறது. விடியற்காலை முறை வேண்டுமென்றால் முந்தின நாள் சாயங்காலமே முறைக்காரரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே நாளைக்குப் பனி விழுமா என்பது இன்றைக்கே தெரிய வேண்டும்.

டீச்சர் ஒரு சின்ன வெள்ளை டப்பா கொடுத்தார். அது அரை மணிக்கு ஒரு தரம் குளிரை அளந்து தனக்குள் குறித்துக்கொள்ளும். முகப்பில் அப்போதைய டிகிரியும் தெரியும். அதைத் தோட்டத்தில் ஒரு குச்சியில் கட்டிவிட்டேன். சனிக்கிழமைகளில் கழற்றி வகுப்புக்குக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரில் சொருகினால் வாரத்து எண்கள் எல்லாம் வரும். அன்றே திரும்பக் கொண்டுவந்து கட்டிவிடுவேன். சாயங்காலம் ஆறு மணிக்கு எவ்வளவு, மறுநாள் காலைக்குள் எவ்வளவு வரை இறங்குகிறது, அந்த வித்தியாசம் என்ன. இதுதான் என் கணக்கு. பைத்தானில் min என்று ஒரு சொல் உண்டு. எத்தனை எண் கொடுத்தாலும் அதில் ஆகச் சின்னதை எடுத்துத் தந்துவிடும். அந்த ஒரு சொல் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம். அது எடுத்துத் தருவதை மட்டும் பார்த்தேன், மற்ற எண்களைப் பார்க்கவில்லை.

மூன்று வாரத்தில் விடை வந்தது. ஆறு மணிக்கு இருப்பதைவிட ஒரு டிகிரிதான் இறங்குகிறது. டீச்சர் அதை என் செல்போனிலும் போட்டுக் கொடுத்தார். ஆறு மணி டிகிரியைத் தட்டினால் ‘பனி வரும்’ அல்லது ‘பனி வராது’ என்று சொல்லும்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. மேகமும் இல்லை, காற்றும் இல்லை, எனக்கென்னவோ சரியாகப் படவில்லை என்றது. நான் ஏழு என்று தட்டினேன். பனி வராது என்று வந்தது. அண்ணன் என் முகத்தைப் பார்த்தது. நான் எதையும் உறுதியாகச் சொல்லி அண்ணன் கேட்டதில்லை.

“மெஷின் வராதுங்குதுண்ணே” என்றேன்.

அண்ணன் முறை கேட்கப் போகவில்லை. காலையில் பள்ளம் முழுக்க வெள்ளை. மதியம் பாதித் தோட்டம் கருப்பு. செடி இளசு என்பதால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும், ஆனால் இன்னொரு தரம் கருகினால் கிழங்கு வைக்காது, வருஷப் பாடு அதோடு போச்சு. அண்ணன் என்னைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை வகுப்புக்குப் போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று போனேன். நடந்ததை டீச்சரிடம் மெதுவாகச் சொன்னேன். எண்களைக் கோடாக வரைந்து பார்க்கலாம் என்றார். பைத்தான் அதையும் செய்யும். திரையில் ஏழு நாளும் ஏழு மேடுகள் வந்தன. எல்லோரும் என் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். சாயங்காலம் இறங்கிக்கொண்டே வரும் கோடு, ஆறரை மணிக்கு மேல் விறுவிறுவென்று ஏறி, ராத்திரி பூராவும் பதினெட்டு, பத்தொன்பதில் நின்று, காலை எட்டு மணிக்கு மறுபடி விழுந்தது.

“ஏக்கா, உங்க ஊர்ல ராத்திரியில வெயில் அடிக்குதா?” என்றார் சமையல் மாஸ்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. கோடு பொய் சொல்லவில்லை. அந்த டப்பா நிஜமாகவே ராத்திரி ஒரு சூடான இடத்தில் இருந்திருக்கிறது. எங்கே? டப்பாவைத் திருப்பிக் கொடுக்காமல் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் வரும்போது பெருமாள்மலைப் பக்கம் மஞ்சு மூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. ஆறரை மணி, ஆறரை மணி என்று மனசு சொல்லிக்கொண்டே வந்தது. ஆறரைக்கு எங்கள் ஊரில் விளக்கு வைப்பார்கள்.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினி அடுப்படியில் இருந்தது. அடுப்புக்கு மேலே விதைப் பூண்டு கொத்துக் கொத்தாகப் புகையில் தொங்கிக்கொண்டிருந்தது. கொத்துகளுக்கு நடுவே ஒரு ஆணியில் சணல் கயிறு மட்டும் காலியாகத் தொங்கியது. டப்பாவைக் காட்டி, இதை இங்கேயா மாட்டுவீர்கள் என்று கேட்டேன்.

“பின்னே? இரவல் வாங்குன சாமானை வெளக்கு வச்ச பெறகு வெளிய போடலாமா? காட்டுமாடு மிதிச்சா அந்த டீச்சருக்கு நீ என்னத்தா பதில் சொல்லுவ? பனியில கெடந்து கெட்டுப் போயிருமேன்னு நாந்தேன் தெனமும் எடுத்தாந்து வச்சேன். வெயில் வந்ததும் கொண்டு போயி கட்டிட்டுத்தேன் மறு சோலி.”

ஒரு நாள்கூட மறந்ததில்லை என்று வேறு சொன்னது. மறந்திருந்தால் எனக்கு அப்போதே தெரிந்திருக்கும். டப்பா உள்ளே போவது ஆறரைக்கு, நான் பார்ப்பது ஆறுக்கு. நடுவில் இருந்த அரை மணி நேரத்தில் ஒரு டிகிரி இறங்கியிருக்கிறது. min அதைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறது.

மதினியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. டப்பா குளிரில் கிடந்தால்தான் அதற்கு வேலை என்று மட்டும் சொன்னேன். மதினி டப்பாவை வாங்கிப் புரட்டிப் பார்த்தது. பிறகு முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு, “அப்ப செடி கருகுனது என்னாலயா?” என்றது. இல்லை, எண்களைப் பார்க்காதது நான்தான் என்றேன். அதுவும் உண்மைதான். அண்ணனிடம் இதை நான் சொல்லவில்லை. மதினி சொன்னதா என்று இன்று வரை கேட்டதில்லை. ஆனால் மறுநாள் டப்பாவைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு, காட்டுமாடு நெருங்காதபடி கட்டி வைத்தது மதினிதான்.

மூன்று வாரத்து எண்களையும் அழித்தேன். ஒரு வாரம் டப்பா வெளியிலேயே கிடந்தது. இந்தத் தரம் ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். மேகம் மூடிய ராத்திரிகளில் மூன்று டிகிரி இறங்குகிறது, தெளிந்த ராத்திரிகளில் எட்டு. மேகம் உண்டா இல்லையா என்று கேட்கும் ஒரு வரியைச் சேர்த்தேன், அதன் கீழே நாலு இடம் தள்ளி மற்றதை எழுதினேன். பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, செல்போனில் நானே திருத்தியது.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு ஏழரை. மேகம் இல்லை. செல்போன், ‘பனி வரும்’ என்றது. துளிர்கள் அப்போது விரல் நீளம். அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, பார்க்கலாம் என்றது. பார்க்கலாம் என்றால் அண்ணன் முறை கேட்கப் போகாது என்று அர்த்தம். ஒரு தரம் சூடு பட்டாயிற்று.

நானே போனேன். அந்த வாரம் விடியற்காலை முறை கீழ்த்தோட்டத்து மாமாவுடையது. ஊரில் அவர் முன்னால் நின்று பேசியதே இல்லை. வாசலில் நின்று, நாளைக்கு உங்கள் முறையை எங்களுக்கு விடுங்கள், எங்கள் பத்து மணி முறையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மனசில் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன்.

“அட, ஒனக்கு வாய் இருக்கா ஆத்தா?” என்றார். “போன தடவ மாதிரி இதுவும் மெஷின் சொன்னதா?”

“ஆமா மாமா. போன தடவ அது தப்பில்ல. நான் அதுக்குத் தப்பான எண்ணைக் கொடுத்துட்டேன்.”

என்னுடையது கேரட்டு, பனியைத் தாங்கும், எடுத்துக்கொள் என்றார்.

வெள்ளனே நானும் மதினியும் பள்ளத்துக்கு இறங்கினோம். டார்ச் அடித்தால் இலைகள் சர்க்கரை தூவினாற்போல மின்னின. டப்பாவில் பூஜ்யத்துக்குக் கீழே அரை டிகிரி. ஸ்பிரிங்க்ளரைத் திறந்தோம். பாதியில் அண்ணன் போர்வையோடு வந்து குழாயை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. வெயில் மேட்டைத் தாண்டி வந்தபோது இலைகள் எல்லாம் ஈரமாக, பச்சையாக இருந்தன. தோட்டத்தின் மேல் இரண்டு அடுக்குப் பாத்திகளில் பனியே விழவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஒரே தோட்டம், பத்தடி உயரம், இவ்வளவு வித்தியாசமா என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மணி பஸ் போய்விட்டது.

அண்ணன் குழாயைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டது.

“நாளைக்கு எப்பிடி?”

“சாயங்காலம் ஆறு மணி ஆகட்டும்ணே” என்றேன்.