எஃப்-12 பறித்த மரியாதை

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில், கம்ப்யூட்டர் செக்‌ஷனில் எனக்கென்று ஒரு தனி மரியாதை இருந்தது. எந்த ஆர்டருக்கு எவ்வளவு தோல் வேண்டும் என்று கணக்குப் போடும் புரோகிராம் எங்களுடையது. அதில் எது எந்த ஃபைலில் இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். அதை எழுதிய பாய் துபாய்க்குப் போய்விட்டார். பெயர்களையெல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே வைத்திருந்தார். தோலில் ஓட்டையோ கீறலோ இருந்தால் அந்த அளவைக் கழிக்கும் ஃபங்ஷனுக்கு, அதாவது அந்தத் துண்டுப் புரோகிராமுக்கு, பெயர் ‘கம்மி’. வெளியூர்க்காரர்கள் இங்கிலீஷில் தேடித் தேடி நொந்துபோய், கடைசியில் என் மேசைக்குத்தான் வருவார்கள். மேனேஜர்கூட வாசலில் நின்றபடியே, “அது எங்கம்மா கீது?” என்பார். நான் திரும்பாமலே சொல்வேன்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். வந்த வாரமே பிரச்சினை. தோல் கணக்கு தப்பாக வருகிறதென்று ஸ்டோர்காரர்கள் கத்த, மேனேஜர் ஓடி வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ரிப்போர்ட் ஃபைலைத் திறந்து, ‘கம்மி’ என்ற சொல்மேல் கர்சரை வைத்து, கீபோர்டில் எஃப்-12 கீயைத் தட்டினாள். அந்த ஃபங்ஷன் எழுதியிருக்கும் இடத்துக்கே திரை தாவிவிட்டது. கழிக்க வேண்டிய இடத்தில் யாரோ கூட்டி வைத்திருந்தார்கள். திருத்திவிட்டு, இன்னொரு கீயைத் தட்டிப் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டாள்.

கம்மி எந்த ஃபைலில் இருக்கிறது என்றுகூட அவள் கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. முன்னால் வந்த காதைப் பின்னால் வந்த கொம்பு மறைத்ததாம். இடம் தெரியாமலே போய்ச் சேரலாம் என்றால், நான் இத்தனை வருஷம் மண்டையில் சுமந்தது எதற்கு?

மேனேஜர் அவள் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இனிமே உங்களுக்குப் பேஜார் இல்லம்மா. நான் இவங்ககிட்டயே கேட்டுக்கறேன்.”

நல்ல மனசோடுதான் சொன்னார். அதில்தான் எனக்கு ஆத்திரம் ஜாஸ்தி.

அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, என் கம்ப்யூட்டரில் நானும் தட்டிப் பார்த்தேன். அழகாகத் தாவியது. தாவாமல் இருந்திருக்கலாம்.

மத்தியானம் என் மேசைக்கு வந்து நின்றாள். “அக்கா, இங்க நல்ல பிரியாணி எங்கீங்க கிடைக்கும்?”

நான் பிறந்து வளர்ந்த ஊர் ஆம்பூர்.

“தெரியலையேம்மா” என்றேன்.