ஆடாத தண்ணீர்

ரயில்வே விழா ஒன்றுக்காகப் பழைய நீராவி எஞ்சின் ஒன்றைத் திருவள்ளூரிலிருந்து திருவாலங்காடு வரை ஓட்டினார்கள். அதில் கரி தள்ளிக் கொடுக்கும் ஆளாக நான் போனேன். நாலு நாள் வேலை. மூன்று நாள் துடைப்பதிலேயே போனது. பித்தளைக் குழாய்களைப் புளி போட்டுத் தேய்த்தேன். விரல் இடுக்கில் ஏறிய கருப்பு, விழா முடிந்து ஒரு வாரம் வரை போகவில்லை.

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒரே இடத்தில் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. பழவேற்காட்டில் இறால் வலை இழுத்தேன். பெரியபாளையத்தில் ஆடி மாதம் வேப்பிலை விற்றேன். கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலையில் இடதுகை சுண்டுவிரல் நுனி போனது. காயம் ஆறியதும் பக்கத்திலேயே ஓர் அட்டைப்பெட்டி ஆலையில் பாய்லர் பார்க்கும் வேலை கிடைத்தது. எட்டு மாதம். ஷிஃப்டு முழுக்க ஒரு கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அந்தக் குழாய்தான் காட்டும். தண்ணீர் குறைந்துபோனால் நெருப்பு நேராக இரும்பைப் பிடிக்கும். அப்புறம் பாய்லரும் இல்லை, பக்கத்தில் நிற்கிறவனும் இல்லை. அந்த வேலை பார்த்தவன் என்று சொன்னதால்தான் என்னை எஞ்சினில் ஏற்றினார்கள்.

நாலாம் நாள் காலை, கிளம்புவதற்கு முன் பூஜை. எங்கள் பக்கம் ஆயுத பூஜை என்றால் எதையும் விட்டுவைக்க மாட்டோம். லேத் மெஷின் என்றால் கடைசி நட்டுக்கும் பொட்டு உண்டு. அலங்காரத்தை என்னிடம் விட்டிருந்தார்கள். அதே பழக்கத்தில் எஞ்சினின் முகத்தோடு நிற்காமல், டிரைவர் நிற்கும் இடத்துக்குள்ளும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ஒரு கைப்பிடியிலிருந்து இன்னொரு கைப்பிடிக்குச் சாமந்திச் சரம் கட்டினேன். தொங்கினால் அனலில் கருகும் என்று நன்றாக இழுத்துக் கட்டினேன்.

கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் வேப்பம்பட்டுக்காரர். சும்மா இருக்காத வாய். ஏறியதும் சரத்தைப் பார்த்து, “இன்னாபா இது, எஞ்சினா கல்யாண காரா?” என்றார். டிரைவர் ரிட்டயராகி இந்த ஓட்டத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டவர். இருக்கட்டும், போட்டோவில் நன்றாக விழும் என்றார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்துக் கிளம்பினோம்.

விசில் அடித்ததும் பிளாட்பாரம் முழுக்கக் கைபேசிகள் உயர்ந்தன. பக்கத்துத் தண்டவாளத்தில் மின்சார ரயில் எங்களோடு கொஞ்ச தூரம் வந்தது. வாசலில் தொங்கியவர்கள் கத்திக்கொண்டே போனார்கள். அத்தனை பேர் எனக்குக் கை காட்டியது அதுவே முதல் தடவை. நானும் காட்டினேன்.

கடம்பத்தூர் தாண்டியபிறகுதான் அதைக் கவனித்தேன். எஞ்சினில் எல்லாமே ஆடிக்கொண்டிருந்தது. மண்வெட்டி ஆடியது, டீ கேன் ஆடியது, சாமந்தி இதழ்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. இந்த பாய்லருக்கும் இருந்த கண்ணாடிக் குழாயில் மட்டும் தண்ணீர் சரிபாதியில் அசையாமல் நின்றது.

முதலில், பாதி இருக்கிறதே என்று நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு கிட்டே போய் உற்றுப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் நிற்கும் பாய்லரிலேயே தண்ணீர் நிலையாக நிற்காது. எட்டு மாதம் பார்த்தவன் நான். இது சக்கரத்தில் ஓடுகிறது.

சரத்தின் வழியே கண்ணை ஓட்டினேன். ஒரு முனையை, அந்தக் குழாய்க்குத் தண்ணீர் வரும் வழியைத் திறந்து மூடும் கைப்பிடியில் கட்டியிருந்தேன். நான் இழுத்த இழுப்பில் அது திரும்பி வழியை அடைத்துவிட்டிருந்தது. குழாயில் தெரிந்தது திருவள்ளூரில் நின்றபோது இருந்த தண்ணீர். அதன்பின் எவ்வளவு ஆவியாகிப் போனதோ, யாருக்கும் தெரியாது. பாதி இருக்கிறதே என்று ஃபயர்மேனும் தண்ணீர் ஏற்றவில்லை.

வேலை போகும் என்பது எனக்குப் பெரிய பயம் இல்லை. எத்தனையோ ஆலை கேட்டுகளுக்கு வெளியே அனுப்பப்பட்டவன். இத்தனை பேர் பார்க்க, என் பூவால் வண்டி நடுவழியில் நிற்கப்போகிறதே என்பதுதான் நாக்கைப் பிடித்தது. இரண்டு மூச்சு நேரம் இருக்கும்.

“ஐயா, கிளாஸ்ல தண்ணி ஆடல. நான் கட்டுன பூவு குழாய மூடிக்கினு கீது.”

டிரைவர் என்னைப் பார்க்கவில்லை. குழாயைப் பார்த்தார். கரி போடாதே என்று ஃபயர்மேனுக்குக் கை காட்டினார். பாய்லரின் முதுகில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக மூன்று சின்னக் குழாய்கள் உண்டு. தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று திறந்து பார்ப்பதற்கானவை. மேலே உள்ளதைத் திறந்தார். வெறும் ஆவி. நடுவில் உள்ளதைத் திறந்தார். அதிலும் ஆவி. மூன்றாவதிலும் ஆவிதான் என்றால் வண்டியை நிறுத்தி நெருப்பைக் கொட்ட வேண்டும், அதற்கும் நேரம் இருந்தால். அவர் கை அதன்மேல் ஒரு கணம் நின்றது.

திறந்தார். கொதிநீர் சீறிக்கொண்டு வந்து தரையில் அடித்தது. என் முழங்காலுக்குக் கீழே தெறித்துச் சுட்டது. சுடச்சுடச் சிரித்தேன்.

சரத்தை நானே அறுத்தேன். டிரைவர் கைப்பிடியைத் திருப்பியதும் கண்ணாடிக்குள் தண்ணீர் சட்டென்று இறங்கி, அடியில் ஒரு விரல் உயரத்தில் நின்று நடுங்கியது. ஃபயர்மேன் தண்ணீர் ஏற்றினார். கொஞ்சம் கொஞ்சமாக அது ஆடிக்கொண்டே ஏறியது. மணவூர் வந்தது.

“பூவ போட்டு எங்கள மேல அனுப்பி வைக்கப் பாத்தியே நைனா,” என்றார் ஃபயர்மேன்.

டிரைவர் வெளியே பார்த்துக்கொண்டே, “அவன இன்னாத்துக்குச் சொல்ற? நானுந்தான் பாதி கீதுன்னு ஜாலியா பாத்துக்கினு வந்தேன்,” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

திருவாலங்காட்டில் பெண்கள் தட்டோடு காத்திருந்தார்கள். ஒருத்தி சந்தனக் கிண்ணத்தோடு மேலே ஏறி வந்தாள். பளபளவென்று இருந்ததாலோ என்னவோ, நேராகக் கண்ணாடிக் குழாய்க்கே கையைக் கொண்டுபோனாள். நான் குறுக்கே உள்ளங்கையை வைத்து மறைத்தேன்.

“இன்னாண்ணா, சாமி காரியத்துல?”

“வேற எங்க வேணா வையிம்மா. இதுக்கு மட்டும் வாணாம்.”

குழாயை மறைத்திருந்த என் புறங்கையிலேயே அவள் சந்தனத்தை வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். டிரைவர் அன்றைக்கு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

திரும்பும்போது அந்தக் கையாலேயே கரி தள்ளினேன். யாராவது கை காட்டினால் ஃபயர்மேன் பதிலுக்குக் காட்டினார். நான் குழாயைப் பார்த்துக்கொண்டே வந்தேன். திருவள்ளூர் வரை தண்ணீர் ஆடிக்கொண்டே இருந்தது.