மலை லைனை நிறுத்திய நாள்

உதடு வெடிக்கும் அளவுக்கு வறண்ட காற்று வீசத் தொடங்கினால், ஓய்வுபெற்ற அந்த மின்வாரிய லைன்மேனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஜன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொள்வார். வேலையை விட்டு ஒன்பது வருஷம் ஆகிவிட்டதே என்று மகள் கேலி செய்வாள். அவருக்கு நினைவு வருவது வேலை அல்ல, ஏணி.

ஏணி அவருடைய கூட்டாளி. ஆறடிக்கு மேல் உயரம், அதனால் அந்தப் பெயர். இருபத்திரண்டு வருஷம் இருவரும் ஒரே ஜீப்பில் போனார்கள், ஒரே கேரியரில் சாப்பிட்டார்கள். ஒருவர் கம்பத்தில் ஏறினால் மற்றவர் கீழே நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பார். பேச்சு நின்றால்தான் பயம்.

அப்படி ஒரு வருஷத்தில், நான்கு மாதமாக மழை எட்டிப் பார்க்கவில்லை. மலைச்சரிவுப் புல் கையில் எடுத்தாலே பொடியானது. ஒரு முற்பகலில் காற்று பேயாய் இறங்கியது. சரிவுக்கு மேலே இரண்டு கம்பிகள் உரசிப் பொறி தெறித்ததை லைன்மேன் கண்ணால் பார்த்தார். பொறியாளருக்குப் போன் போட்டார். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன், அதுவரை எதிலும் கைவைக்காதே என்றார் அவர்.

மலைக்குப் போகும் லைனையே நிறுத்திவிடலாம் என்று லைன்மேன் சொன்னபோது ஏணியும் தடுத்தார். மலைமேல் குடியிருப்பில் முந்நூறு வீடு, தண்ணீர் மோட்டார், ஒரு சின்ன மருத்துவமனை. லைன்மேனின் வீடும் அங்கேதான் இருந்தது.

"அண்ணே, உத்தரவு இல்லாம நிறுத்தினா உங்க தலைதான் உருளும்."

"உருளட்டும். புல்லு பத்திக்கிச்சுன்னா அங்க ஒரு வீடு மிஞ்சாது."

மருத்துவமனைக்குச் சொல்லி ஜெனரேட்டரை ஓடவிடச் செய்தார். பிறகு சுவிட்ச் கைப்பிடியை இழுத்து லைனைத் துண்டித்துப் பூட்டினார்.

அப்புறம் போன் ஓயவில்லை. வாங்கிய வசவுக்கு அளவில்லை. மனைவியும் கூப்பிட்டு, தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, எந்தப் புண்ணியவான் நிறுத்தினான் என்று கேட்டார். "நான்தான்" என்றார். மனைவி குடத்தைச் சாய்த்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. "சரி, குடத்துல கொஞ்சம் இருக்கு. நீங்க வேலையப் பாருங்க."

மூன்று மணிக்கு, லைனை ஒட்டி நடந்து பார்க்கப் போன ஏணி வெளிறிய முகத்தோடு திரும்பினார். பட்டமரம் ஒன்று முறிந்து, கம்பியையும் அறுத்துக்கொண்டு விழுந்திருந்தது.

"கம்பி புல்லு மேலதான் கிடக்குண்ணே. ஒரு புல்லுகூடக் கருகல."

இருவரும் ஜீப் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மறுவாரம், அனுமதியின்றி நிறுத்தியதற்கு விளக்கம் கேட்டு லைன்மேனுக்கு மெமோ வந்தது. பதில் கடிதத்தில், முடிவு எடுத்தது இருவரும்தான் என்று எழுதித் தானும் கையெழுத்துப் போட்டார் ஏணி. ஏன் இந்தப் பொய் என்று லைன்மேன் கேட்டதற்கு, "எல்லாத்தையும் சேர்ந்துதானே செஞ்சோம், இதை மட்டும் நீங்க தனியா வச்சுக்குவீங்களா?" என்றார். இருவருக்கும் பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனது. தீ பிடிக்காததால் குடியிருப்பில் யாரும் நன்றி சொல்லவில்லை. லைன்மேனைக் கண்டால் 'கரண்ட் கட்டு வர்றாரு' என்பார்கள். அதைக் கேட்டு ஏணி விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஓய்வுக்குப் பிறகும் இப்படிக் காற்றடிக்கும் நாட்களில் ஏணியிடமிருந்து தவறாமல் போன் வரும். போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். இன்று காலையிலிருந்தே காற்று. மத்தியானம்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, லைன்மேனே ஏணியின் மனைவிக்குப் போன் போட்டார். சாப்பிட்டாச்சா, உடம்பு எப்படி என்று சுற்றி வளைத்தார்.

"காத்தைப் பத்தித்தானேண்ணே?" என்றார் அந்த அம்மா. "சொல்லுங்க, கேக்கறேன்."