ஜன்னலுக்குப் போன கிளிகள்

என் அப்பாவுக்குப் பூவரசு என்றால் உயிர். தேக்கு பணக்கார வீட்டுப் பிள்ளை, கொஞ்சம் அதட்டினால் பிளந்துகொள்ளும் என்பார். வேம்பு உளியின் வாயைக் கெடுக்கும். பூவரசுதான் சொன்னபடி கேட்கும். ஆவடிக்குப் பட்டாளம் வராத அந்தக் காலத்தில், கோவில்பதாகை ஏரியில் ஊறப்போட்டு உலர்த்திய ஒரு பூவரசம் பலகையை அவர் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, மூன்றாம் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பலகை வெளியே வந்தது. அத்தைக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. அதனால் குழந்தையைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பிறக்கும் முன்னே தொட்டில் செய்வது எங்களில் ஆகாத காரியம். ஆனால் அப்பாவின் கை சும்மா இருந்தால்தானே? நசரத்பேட்டையில் ஒரு வீட்டு ஜன்னலுக்கு என்று சொல்லிவிட்டு, கொட்டாப்புளியால் உளியை மெல்லத் தட்டித் தட்டி இரண்டு கிளிகளைச் செதுக்கினார். கண்ணுக்கென்று மட்டும் நகம் போல் வளைந்த குட்டி உளி ஒன்று உண்டு. அதை என்னைத் தொடக்கூட விட்டதில்லை.

கிளிகள் தொட்டிலுக்குத்தான் என்று அவர் அம்மாவிடம் கிசுகிசுத்தது என் காதில் விழுந்துவிட்டது. ஏழு வயதுக்காரியிடம் ரகசியம் எத்தனை நாள் தங்கும்? அத்தை சந்தோஷப்படட்டும் என்று நினைத்து, “அத்தே, இந்தக் கிளி ஒன் கொயந்த தொட்டிலுக்கு” என்றேன்.

அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா தலை நிமிராமல், “ஜன்னலுக்கும்மா. இது ஒளறிகினு கீது” என்றார். சொன்னதோடு விடவில்லை. மறுநாளே கிளிகளைத் துணியில் சுற்றி எடுத்துப்போய், நசரத்பேட்டையில் தெரிந்தவர் வீட்டு ஜன்னலின் மேல் அறைந்துவிட்டு வந்தார். தானும் பொய் சொல்லி என்னையும் பொய்க்காரி ஆக்கிவிட்டாரே என்று இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

பெண் குழந்தை பிறந்தது, தங்கியது. பழைய புடவைத் தூளியில் நன்றாகவே தூங்கியது. ஐந்தாம் மாதம் அத்தையைத் திருமழிசையில் கொண்டுவிட மாட்டுவண்டியில் போனோம். நசரத்பேட்டையில் அத்தை வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

“எந்த ஊடுண்ணா?” என்று கேட்டாள்.

அப்பா கை காட்டினார். அத்தை இறங்கிப் போய், குழந்தையை ஜன்னல் உயரத்துக்குத் தூக்கி, இரண்டு கிளிகளின் மூக்கையும் தொட வைத்தாள். அப்பா மாட்டின் கயிற்றைச் சரிசெய்வதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவம், அத்தைக்கு இன்னும் விஷயம் தெரியாது என்று எனக்கு இரக்கமாக இருந்தது. இந்த முறையாவது உளறக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.